மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர் எதை எடுக்கறது? டெக்னிக்கல் தெரியாத சின்ன பிசினஸ்காரங்களுக்கு முழுமையான வழிகாட்டி

சின்னதா பிசினஸ் பண்றவங்க மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர் தேட ஆரம்பிச்சா மொதல்ல கண்ணுல படறது ஒரு பெரிய அட்டவணை, இடது பக்கம் நீளமா வசதிகள், மேல அஞ்சாறு கம்பெனி பேரு, நடுவுல பூரா பச்சை டிக். எதுல டிக் அதிகமோ அதை எடுத்தா நல்லதுனு தோணும். ஆனா அதுல முக்கால்வாசியை நீங்க ஒரு தடவைகூட தொட மாட்டீங்க, தொடாத அந்த வசதிகளுக்கும் சேர்த்துதான் மாசாமாசம் காசு போகும், அதைவிட மோசம் என்னன்னா அதெல்லாம் ஸ்க்ரீன்ல அடைச்சுக்கிட்டு நிக்கறதால உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு பட்டன் எங்க இருக்குனே தெரியாது.

அதனால நான் யார் கேட்டாலும் ரெண்டே விஷயம்தான் பாக்கச் சொல்வேன். கூட்டமா இருக்கற ஒரு நாள்ல ஃபோனை எடுத்து பத்து நிமிஷத்துல சரியான ஆளுங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிட்டு வேலையைப் பாக்கப் போக முடியுதா? நாளைக்கே இந்த சாஃப்ட்வேர் வேணாம்னு முடிவு பண்ணா என் கஸ்டமர் லிஸ்ட் முழுசா என் கைக்கு வருதா? கீழ சொல்லப்போற எல்லாமே இந்த ரெண்டையும் எப்படி சரிபாக்கறதுங்கறதுதான்.

1. சாஃப்ட்வேரைத் தேடறதுக்கு முன்னாடி வேலையை எழுதுங்க

ஒரு பேப்பர்ல "எனக்கு இப்போ எது நடக்கணும்"னு ஒரே வரி எழுதுங்க. மார்க்கெட்டிங்னு பொதுவா எழுதினா பிரயோஜனம் இல்ல. புது ஆளுங்க நம்மளைத் தேடிக் கண்டுபிடிக்கணுமா, ஏற்கனவே வாங்கினவங்க திரும்ப வரணுமா, விலை விசாரிச்சுட்டு காணாமப் போறவங்களை விடாம ஃபாலோ பண்ணணுமா, இல்ல சோஷியல் மீடியாவுல ஒழுங்கா போஸ்ட் போக மாட்டேங்குதா? இது நாலும் நாலு வேற வேலை, நாலுக்கும் வேற வேற சாஃப்ட்வேர். தேடிக் கண்டுபிடிக்கறதுக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் மாதிரி ஒண்ணு, திரும்ப வரவைக்க இமெயில் இல்லன்னா வாட்ஸ்அப், விசாரிச்சவங்களைப் பிடிக்க சி.ஆர்.எம் (யார் விசாரிச்சாங்க, என்ன பேசினோம்னு கஸ்டமர் விவரத்தை வெச்சுக்கற சாஃப்ட்வேர்), போஸ்ட் போட ஷெட்யூலர்.

நாலும் வேணும்தான்னு தோணும், தப்பில்ல, ஆனா ஒண்ணை மட்டும் வட்டம் போடுங்க. எதுன்னு தெரியலைன்னா ஏற்கனவே வாங்கினவங்களைத் திரும்ப வரவைக்கற வேலையை எடுங்கனு நான் சொல்வேன், ஏன்னா அவங்களுக்கு உங்களைத் தெரியும், அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கு, விளம்பரத்துக்கு தனியா செலவு பண்ண வேண்டியதில்ல, அனுப்பின ரெண்டே நாள்ல பலன் இருக்கா இல்லையானு தெரிஞ்சுடும். இன்னும் கஸ்டமரே இல்லாத புது பிசினஸ்னா மட்டும் முதல் வேலை, அதாவது கண்டுபிடிக்க வைக்கறது.

2. கஸ்டமர் லிஸ்டை சுத்தம் பண்ணுங்க

இதை எல்லாரும் தள்ளிப் போடுவாங்க, சாஃப்ட்வேர் வாங்கினப்புறம் பாத்துக்கலாம்னு. எந்த சாஃப்ட்வேரும் குப்பையான லிஸ்டை சரி பண்ணித் தராது, அதை அப்படியே உள்ள வாங்கிக்கிட்டு அப்படியே வெளிய அனுப்பும். அதனால இந்தப் படியில கொஞ்சம் நேரம் செலவழிங்க.

கூகுள் ஷீட்ஸ்ல ஒரு புது ஃபைல் திறந்து முதல் வரிசைல தலைப்பு போடுங்க: பேரு, ஃபோன் நம்பர், இமெயில், கடைசியா எப்போ வாங்கினாங்க, என்ன வாங்கினாங்க, மெசேஜ் அனுப்பலாம்னு சம்மதிச்சாங்களா, எந்த தேதியில சம்மதிச்சாங்க. இது போதும். பில் புக், ஃபோன் கான்டாக்ட்ஸ், பழைய வாட்ஸ்அப் சாட் எல்லாத்துலேர்ந்தும் எடுத்து இதுல போடுங்க.

இங்க மூணு சிக்கல் வரும். நாட்டுக் குறியீட்டோட ஃபோன் நம்பரை எக்செல்ல டைப் பண்ணா அது அதை ஒரு பெரிய எண்ணா நினைச்சு சுருக்கிடும், நடுவுல ஒரு புள்ளி, கடைசில ஒரு ஆங்கில எழுத்து, ஒரு பிளஸ் குறினு காட்டும், பூஜ்யத்துல ஆரம்பிக்கற நம்பர்ல பூஜ்யமே காணாமப் போயிடும். அதனால நம்பர் போடறதுக்கு முன்னாடி அந்த காலம் (மேலேர்ந்து கீழ வரைக்கும் போற கட்டங்கள்) முழுசையும் செலக்ட் பண்ணி டெக்ஸ்ட்னு மாத்திடுங்க. அடுத்தது நாட்டுக் குறியீடு, அது எல்லா நம்பருக்கும் ஒரே மாதிரி முன்னாடி இருக்கணும், பாதிக்கு இருந்து பாதிக்கு இல்லாம இருந்தா இம்போர்ட் பண்றப்ப, அதாவது லிஸ்டை சாஃப்ட்வேர்ல ஏத்தறப்ப, ஒரே ஆளு ரெண்டு பேரா உள்ள போவாரு, ஒரே மெசேஜ் ரெண்டு தடவை போகும். மூணாவது தமிழ்ப் பேருங்க. சி.எஸ்.வி ஃபைலா (எல்லா சாஃப்ட்வேரும் வாங்கிக்கற எளிமையான லிஸ்ட் ஃபைல்) சேவ் பண்ணி எக்செல்ல திறந்தா சில சமயம் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா, கேள்விக்குறியா தெரியும், யு.டி.எஃப் 8ங்கற, தமிழ் எழுத்தை ஒழுங்கா காப்பாத்தற முறையில சேவ் பண்ணாலோ கூகுள் ஷீட்ஸ்லேர்ந்தே டவுன்லோட் பண்ணி நேரா சாஃப்ட்வேர்ல ஏத்தினாலோ அந்தப் பிரச்சனை வராது.

சம்மதம் இருக்கானு எழுதற காலத்தை மட்டும் விட்டுடாதீங்க. ஐரோப்பால 2018 மே மாசத்துலேர்ந்து தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்க ஜி.டி.பி.ஆர்னு ஒரு கடுமையான சட்டம் இருக்கு, மத்த நாடுகள்லயும் இது மாதிரி விதிகள் வந்துக்கிட்டே இருக்கு. சட்டத்தை விட்டுடுங்க, கேக்காத ஆளுக்கு மெசேஜ் அனுப்பினா அவங்க ஸ்பேம்னு ஒரு தட்டு தட்டுவாங்க, அதுக்கப்புறம் கேட்டவங்களுக்கு அனுப்பறதும் ஒழுங்கா போய்ச் சேராது. காசு குடுத்து லிஸ்ட் வாங்கறது பத்தி யாராவது பேசினா அந்தப் பேச்சை அங்கயே முடிச்சுடுங்க.

3. ஃப்ரீயா இருக்கறதை முழுசா பயன்படுத்திட்டு அப்புறம் காசு குடுங்க

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஃப்ரீ. 2021 வரைக்கும் கூகுள் மை பிசினஸ்னு பேர் இருந்தது, அதுதான் இது. நேரம், ஃபோட்டோ, ஃபோன் நம்பர் சரியா போட்டு வெரிஃபை பண்ணி வெச்சாலே மேப்ல தேடறவங்களுக்கு நீங்க தெரிய ஆரம்பிப்பீங்க. ரிவ்யூ கேக்கறதுக்குனே ஒரு லிங்க் தருவாங்க, வேலை முடிஞ்ச அன்னிக்கே அனுப்புங்க. ரிவ்யூ போட்டா தள்ளுபடினு மட்டும் சொல்லாதீங்க, அது கூகுள் விதிக்கு எதிரானது.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018ல வந்தது, இதுவும் ஃப்ரீ, ஆனா நிறைய பேர் அதை சாதாரண வாட்ஸ்அப் மாதிரியே வெச்சிருக்காங்க. கேட்டலாக் போடலாம், அடிக்கடி வர்ற கேள்விக்கு ரெடி பதில் வெச்சுக்கலாம், கடை மூடின நேரத்துக்கு தானா ஒரு மெசேஜ் போக வைக்கலாம், புது கஸ்டமர், பணம் பாக்கினு லேபிள் போட்டு பிரிக்கலாம். ஒரே மெசேஜை பல பேருக்கு தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா ஒரு விஷயம், உங்க நம்பரை தன்னோட ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது போகும். அதனால ஒவ்வொரு தடவையும் பில் குடுக்கும்போது "எங்க நம்பரை சேவ் பண்ணிக்குங்க"னு சொல்றது இங்க ரொம்ப முக்கியமான வேலை. கஸ்டமர்களை எல்லாம் ஒரு க்ரூப்ல போடறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியும், அவங்க அதுக்கு சம்மதிக்கலையே.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டுலயும் முன்கூட்டியே போஸ்ட் போட்டு வெக்க மெட்டா பிசினஸ் சூட் ஃப்ரீயா இருக்கு. போஸ்டருக்கு கேன்வா. இந்த ரெண்டுக்கும் ஆரம்பத்துல காசு குடுக்கவே வேண்டாம்.

அப்போ காசு குடுக்கற நேரம் எதுன்னா, ஃப்ரீல முட்டி நிக்கும்போது. பிராட்காஸ்ட் லிஸ்ட் நாலஞ்சு ஆயிடுச்சு, யாருக்கு அனுப்பினோம்னு குழம்புது, சாதாரண ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல அனுப்ப முடியலை, ரெண்டு ஸ்டாஃப் ஒரே நம்பர்ல பதில் சொல்லி சண்டை வருது. இப்படி ஏதாவது ஒண்ணு நிஜமா நடந்தா அடுத்த படிக்குப் போங்க, அதுவரைக்கும் மூணாவது படியிலயே இருக்கறதுல ஒரு குறைச்சலும் இல்ல.

4. எந்த வகை, எப்படி காசு வாங்கறாங்கனு பாருங்க

இமெயில் சாஃப்ட்வேர்ல ரெண்டு வகையா கணக்கு போடுவாங்க. லிஸ்ட்ல எத்தனை பேர் இருக்காங்கனு பாத்து வாங்கறது ஒண்ணு, எத்தனை மெயில் அனுப்பறீங்கனு பாத்து வாங்கறது இன்னொண்ணு. மெயில்சிம்ப் முதல் வகை, ப்ரெவோ (பழைய பேரு செண்டின்ப்ளூ) ரெண்டாவது வகை. லிஸ்ட் பெருசு, ஆனா மாசத்துக்கு ஒரு தடவைதான் அனுப்புவேன்னா ரெண்டாவது உங்களுக்கு லாபம். லிஸ்ட் சின்னது, வாரம் ரெண்டு அனுப்புவேன்னா முதல் வகை. இன்னொரு நுணுக்கம், மெயில்சிம்ப்ல இனிமே வேண்டாம்னு விலகினவங்களையும் கணக்குல சேர்ப்பாங்க, நீங்களா போய் ஆர்க்கைவ் பண்ணாத்தான் (லிஸ்டை விட்டு ஒதுக்கி வெச்சாத்தான்) கணக்குலேர்ந்து போவாங்க. இது தெரியாம வருஷக்கணக்கா அனுப்பவே முடியாத ஆளுங்களுக்கு காசு கட்டிக்கிட்டு இருக்கறவங்க இருக்காங்க.

ஃப்ரீ ப்ளானை நம்பி பெரிய திட்டம் போடாதீங்க. மெயில்சிம்ப் ஃப்ரீ ப்ளான் ஒரு காலத்துல 2000 கான்டாக்ட் வரைக்கும் இருந்தது, அப்புறம் அதை 500க்கு இறக்கிட்டாங்க. எந்தக் கம்பெனியும் எப்போ வேணா இப்படி செய்யலாம். அதனால ஃப்ரீயா இருக்கறதைப் பாக்காம, அதுக்கு அடுத்த ப்ளான் விலை உங்களுக்குக் கட்டுமானு பாருங்க.

வாட்ஸ்அப்ல ஆப் போதாதுன்னா அடுத்தது ஏ.பி.ஐனு சொல்வாங்க, வேற சாஃப்ட்வேர் வழியா வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பற இணைப்பு அது, அதை நீங்க நேரா தொட மாட்டீங்க, நடுவுல ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் குடுக்கும். இதோட விதி வேற. கஸ்டமர் உங்களுக்கு மெசேஜ் பண்ணா அதுலேர்ந்து 24 மணி நேரத்துக்கு நீங்க எது வேணா பதில் எழுதலாம், அதுக்கப்புறம் நீங்களா பேச்சை ஆரம்பிக்கணும்னா வாட்ஸ்அப்போட தாய் கம்பெனி மெட்டா முன்னாடியே ஒப்புதல் குடுத்த டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான். 2025 ஜூலைலேர்ந்து டெம்ப்ளேட்டுக்கு மெசேஜ் கணக்குல காசு, அதுல விளம்பர மெசேஜுக்கு ஒரு விலை, ஆர்டர் விவரம் மாதிரி மெசேஜுக்கு வேற விலை. நடுவுல இருக்கற கம்பெனி மாசக் கட்டணம் ஒண்ணு வாங்கும், ஒவ்வொரு மெசேஜ் மேலயும் தனியா கொஞ்சம் ஏத்தியும் வாங்கலாம், ரெண்டையும் பிரிச்சு எழுத்துல கேட்டு வாங்குங்க. இப்போ ஆப்ல இருக்கற நம்பரையே அங்க குடுத்தா ஃபோன்ல இருக்கற ஆப் தொடர்ந்து வேலை செய்யுமானும் மறக்காம கேளுங்க, பழைய சாட் எல்லாம் என்ன ஆகும்னும் கேளுங்க.

எஸ்.எம்.எஸ் பத்தி சுருக்கமா ஒண்ணு. ஆங்கில எழுத்துல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான். அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா எண்ணப்படும், வணக்கம்ங்கறது நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து, அந்தக் கணக்குல ஏழு. தமிழ்ல நாலு வரி எழுதினா மூணு மெசேஜ் காசு போயிடும்.

எல்லாம் சேர்ந்து ஒரே சாஃப்ட்வேர்ல வர்ற பெரிய சி.ஆர்.எம் பக்கம், முதல் வருஷம் போகாதீங்க. விசாரிக்க வர்றவங்களை ஃபாலோ பண்றதுதான் நீங்க வட்டம் போட்ட வேலைன்னாகூட, முதல்ல அதே கூகுள் ஷீட்ஸ்ல "அடுத்து எப்போ கூப்பிடணும்"னு ஒரு காலம் சேர்த்து ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அதையே ஒழுங்கா நிரப்ப முடியலைன்னா சி.ஆர்.எம் வாங்கினாலும் நிரப்ப மாட்டீங்க.

5. ரெண்டை மட்டும் எடுத்து உக்காந்து டெஸ்ட் பண்ணுங்க

அஞ்சாறு டெமோ பாக்காதீங்க, டெமோ காட்டறவர் கையில எல்லாமே சுலபமா தெரியும். ரெண்டு சாஃப்ட்வேரை எடுத்து ஃப்ரீ அக்கவுண்ட் திறங்க, கார்ட் நம்பர் கேட்டா அப்போதைக்கு விட்டுடுங்க. லிஸ்ட்லேர்ந்து பத்து பேரை மட்டும் எடுத்து ஒரு சின்ன ஃபைல் பண்ணுங்க, அந்தப் பத்தும் உங்க சொந்தக்காரங்க, ஸ்டாஃப், உங்களோட ரெண்டாவது மெயிலா இருக்கட்டும், ஒருத்தருக்கு மட்டும் பேரு காலத்தை வேணும்னே காலியா விடுங்க.

இப்போ இம்போர்ட் பண்ணுங்க. எந்தக் காலம் பேரு, எந்தக் காலம் நம்பர்னு அது கேக்கும், அங்க உங்களுக்குப் புரியற மாதிரி கேக்குதானு பாருங்க. அடுத்து "வணக்கம்" போட்டு பக்கத்துல கஸ்டமர் பேரு தானா வர்ற மாதிரி ஒரு மெசேஜ் எழுதி அனுப்புங்க. பேரு காலியா விட்ட அந்த ஆளோட ஃபோனை வாங்கிப் பாருங்க. நல்ல சாஃப்ட்வேர்னா "வணக்கம் நண்பரே"னு நீங்க குடுத்து வெச்ச மாற்று வார்த்தையைப் போட்டிருக்கும். இல்லன்னா "வணக்கம்"னு போட்டு ஒரு இடைவெளி விட்டு கமா மட்டும் அனாதையா நிக்கும், இன்னும் மோசமா அடைப்புக்குறிக்குள்ள கோட் மாதிரி ஏதோ அப்படியே போயிருக்கும். ஆயிரம் பேருக்குப் போறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சுக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

அதே மெசேஜை கம்ப்யூட்டர் இல்லாம ஃபோன்லேர்ந்தே ஒரு தடவை அனுப்பிப் பாருங்க. தமிழ்ல எழுதினது விலை குறைவான ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் ஒழுங்கா தெரியுதா, படம் பெருசா இருந்து லோட் ஆகாம நிக்குதா, விலகற லிங்க்கை அழுத்தினா நிஜமாவே விலகுதா? கடைசியா சப்போர்ட்டுக்கு ஒரு எளிமையான கேள்வி அனுப்புங்க, எவ்வளவு நேரத்துல பதில் வருது, மனுஷன் பதில் சொல்றாரா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றாரா. என்னைக் கேட்டா சப்போர்ட்டோட பதில் பாதி முடிவை எடுத்துடும், ஏன்னா ஏதாவது மாட்டிக்கறப்போ உங்களுக்கு ஐ.டி டிபார்ட்மென்ட் கிடையாது, அவங்கதான் எல்லாம்.

ஏ.ஐ எழுதித் தரும்ங்கற வசதி இப்போ எல்லாத்துலயும் இருக்கு, அதை வெச்சு தேர்ந்தெடுக்க வேணாம். நீங்க கவுண்டர்ல பேசற மாதிரி ரெண்டு வரி எழுதினாலே போதும்.

6. உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழியைப் பாருங்க

அந்தப் பத்து பேர் லிஸ்டை அப்பவே திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க. பேரு, நம்பர், சம்மத தேதி, யாரு விலகினாங்கங்கறது எல்லாம் ஃபைல்ல வருதானு பாருங்க. எக்ஸ்போர்ட்டுக்கு மெயில் பண்ணிக் கேக்கணும், பெரிய ப்ளான்ல மட்டும்தான்னு சொன்னா அந்த சாஃப்ட்வேர் வேணாம். சாஃப்ட்வேர் மூடறதும் நடக்கும், டைனிலெட்டர்னு நிறைய பேர் நம்பி வெச்சிருந்த ஒரு எளிமையான நியூஸ்லெட்டர் சேவையை 2024 பிப்ரவரி 29ஓட நிறுத்திட்டாங்க, லிஸ்டை டவுன்லோட் பண்ணி வெச்சவங்க அடுத்த இடத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தாங்க.

அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குங்கறது அதே அளவு முக்கியம். மெயின் அட்மின் நீங்களா இருக்கணும், பிசினஸ் இமெயில்ல இருக்கணும், ரெண்டு கட்ட பாஸ்வேர்ட் உங்க ஃபோனுக்கு வரணும். டிசைன் பண்ணித் தர்றவரோ ஸ்டாஃபோ அவங்க சொந்த மெயில்ல ஓப்பன் பண்ணித் தரேன்னு சொன்னா அன்பா மறுத்துடுங்க, அவங்களுக்கு தனியா யூசர் குடுத்துக்கலாம். கியூ.ஆர் கோடும் இதுல சேரும். டைனமிக்னு சொல்றது கோட் செஞ்சு தர்ற கம்பெனியோட லிங்க் வழியா போற கோட், சந்தா நின்னா நீங்க அச்சடிச்சு ஒட்டின எல்லா கோடும் செத்துடும். மாறாத லிங்க்குக்கு சாதாரண ஸ்டாட்டிக் கோடே போதும்.

காசு கட்டற பக்கத்துல வருஷக் கட்டணம்னா தள்ளுபடினு பெருசா போட்டிருப்பாங்க. முதல் மூணு மாசம் மாசக் கட்டணமே கட்டுங்க, விலை கொஞ்சம் கூடவா இருந்தாலும் பரவாயில்ல. தானா ரெனியூ ஆகற தேதியை ஃபோன் காலண்டர்ல ஒரு வாரம் முன்னாடியே போட்டு வெச்சுடுங்க.

7. தவிர்க்க முடியாத அந்த ஒரு டெக்னிக்கல் வேலை

இமெயில் எடுத்தீங்கன்னா எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க்னு மூணு பேரு வரும், பயப்பட வேணாம். இந்த மெயில் நிஜமாவே இந்த பிசினஸ்தான் அனுப்பினதுனு உங்க டொமைன் (உங்க வெப்சைட், மெயிலுக்கான சொந்த இணையப் பேரு) சாட்சி சொல்றதுக்கான மூணு வரி செட்டிங் அது. 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமா மெயில் அனுப்பறவங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிட்டாங்க, ஜிமெயில் அட்ரஸ் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயில் அனுப்பறவங்களுக்கு மூணும் வேணும், அதோட ஒரே க்ளிக்ல விலகற வசதியும் இருக்கணும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. நீங்க அவ்வளவு அனுப்ப மாட்டீங்க, இருந்தாலும் செஞ்சுடுங்க, செய்யலைன்னா ஸ்பேம்ல போய் விழற வாய்ப்பு அதிகம்.

சாஃப்ட்வேர் ஸ்க்ரீன்ல அந்த வரிகளைக் காட்டும், டொமைன் வாங்கின கம்பெனி சாட்ல போய் "இதை என் டி.என்.எஸ்ல சேர்த்துக் குடுங்க"னு ஒட்டினா நிறைய இடத்துல அவங்களே செஞ்சு தருவாங்க. அனுப்பற அட்ரஸ் ஜிமெயில் அட்ரஸா இருந்தா இதைச் செய்ய முடியாது, சொந்த டொமைன் அட்ரஸ் வேணும். இதுவரைக்கும் டொமைன் வாங்கலைன்னா இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம்.

8. ஒரு மாசம் கழிச்சு எதைப் பாக்கணும்

எத்தனை பேர் மெயிலைத் திறந்தாங்கங்கற எண்ணைப் பாத்து சந்தோஷப்படாதீங்க. 2021ல ஆப்பிள் மெயில்ல வந்த ஒரு பிரைவசி வசதியால, ஆளு திறக்காட்டியும் மெயில்ல இருக்கற படங்களை முன்னாடியே எடுத்து வெச்சுக்கும், அதனால திறந்ததாவே கணக்காகும். பதில் எத்தனை வந்தது, ஆர்டர் எத்தனை வந்தது, எத்தனை பேர் விலகினாங்க, இந்த மூணைத்தான் நான் பாப்பேன். வாட்ஸ்அப்ல அனுப்பினதுக்கு ஒரு கூப்பன் வார்த்தை, மெயில்ல அனுப்பினதுக்கு வேற வார்த்தைனு வெச்சீங்கன்னா எது வேலை செஞ்சதுனு கல்லாவுலயே தெரிஞ்சுடும், ரிப்போர்ட் பக்கமே போக வேணாம்.

மூணு மாசத்துல நாலு தடவைகூட நீங்க அனுப்பலைன்னா முதல்ல ஏன்னு பாருங்க. எழுத விஷயம் இல்லன்னா சாஃப்ட்வேர் மாத்திப் பிரயோஜனம் இல்ல. உள்ள போனாலே குழப்பமா இருக்குன்னா அப்போ மாத்துங்க, டெஸ்ட் பண்ண அந்த ரெண்டாவது சாஃப்ட்வேர் இருக்கே.

மாத்தறப்போ வரிசை முக்கியம். லிஸ்டை எக்ஸ்போர்ட் பண்ணுங்க, விலகினவங்க லிஸ்டை தனியா ஒரு ஃபைலா எடுங்க, புது இடத்துல முதல்ல அந்த விலகினவங்க ஃபைலை அனுப்பக்கூடாதவங்களா ஏத்திட்டு அப்புறம் மத்தவங்களை ஏத்துங்க, இல்லன்னா வேணாம்னு சொன்னவங்களுக்கே முதல் மெசேஜ் போய் நிக்கும். பழைய மெசேஜ்ல நல்லா வேலை செஞ்ச ரெண்டு மூணை காப்பி பண்ணி வெச்சுக்குங்க. வெப்சைட்ல பழைய சாஃப்ட்வேரோட ஃபார்ம் இருந்தா அதை எடுத்துட்டு புதுசை வைங்க, நீங்களே உங்க பேரைப் போட்டு அது புது லிஸ்ட்ல வந்து விழுதானு பாத்துட்டு, அதுக்கப்புறம் பழைய சந்தாவை கேன்சல் பண்ணுங்க, கேன்சல் ஆயிடுச்சுனு வர்ற மெயிலை அழிக்காம வைங்க.